அப்துல் காதிர்: ஓர் அரபுப் பெயரின் பொருளும் பிறப்பும் பரவலும்

முன்னுரை

மக்கட் பெயர் பற்றிய ஆராய்ச்சி மொழிநூலுக்கும் வரலாற்றுக்கும் பொதுவாயது. ஊர்ப்பெயர்களின் வழியே நாட்டு வரலாற்றைக் காணும் நெறியை ரா. பி. சேதுப்பிள்ளை அவர்கள் தம் ‘ஊரும் பேரும்’ என்னும் நூலால் நமக்குக் காட்டிச் சென்றனர். அந்நெறியே மக்கட் பெயர்க்கும் ஒக்கும். ஒரு பெயர் எம்மொழியிற் பிறந்தது, எப்பொருள் குறித்தது, யாரால் புகழ் பெற்றது, வேற்று மொழியுட் புகுங்கால் எவ்வுரு எய்தியது என்று தொடர்ந்து நோக்கின், ஏடுகள் கூறாத சில செய்திகளை அப்பெயரே கூறும்.

இவ்வாராய்ச்சிக்கு எம்மைத் தூண்டியது வகுப்பறை நிகழ்ச்சி ஒன்று. தனிப்பாடல்களைப் பாடஞ் சொல்லி வருங்கால், முதுகலை மாணவர் ஒருவர், ‘சீதக்காதி’ என்னும் பெயர் ‘சீதம்’ என்னும் சொல்லடியாகப் பிறந்ததோ, குளிர்ந்த நெஞ்சினர் என்பது அதன் பொருளோ என வினவினர். மற்றொருவர், ‘காதி’ என்பது நீதி வழங்குவோரைக் குறிக்கும் அரபுச் சொல்லாதலின் அவ்வள்ளல் நடுவராக இருந்தவராதல் வேண்டும் என்றனர். இருவர் கூற்றும் பொருந்தா. அவ்விருவர்க்கும் இடையே அமர்ந்திருந்த மூன்றாம் மாணவரின் பெயர் அப்துல் காதர். வள்ளலின் பெயரும் தம் பெயரும் ஒன்றே என்பதை அவரும் அறிந்திலர். ஒரே பெயர் முந்நூறு ஆண்டு இடைவெளியில் தன்னைத் தானே அறியாத நிலையை எய்தியது எங்ஙனம்? இவ்வினாவிற்கு விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

1. சொல்லும் பொருளும்

‘அப்துல் காதிர்’ என்பது தனிச்சொல் அன்று, தொடர். ‘அப்து’ என்பது அடிமை, அடியான், ஊழியன் எனப் பொருள்படும். ‘அல்’ என்பது அரபு மொழியிற் பெயர்க்கு முன்னர் வரும் சார்படை. ‘காதிர்’ என்பது ஆற்றலுடையோன் எனப் பொருள்படும். எனவே, ‘ஆற்றலுடையோனின் அடியான்’ என்பது தொடரின் பொருள். ஈண்டு ஆற்றலுடையோன் என்றது இறைவனை.

அரபுச் சொற்கள் பெரும்பாலும் மூன்று மெய்யெழுத்துகளை வேராகக் கொண்டு விரிவன. இச்சொல்லின் வேர் க-த-ர் என்பது. இவ்வேரினின்று தோன்றிய சொற்களை ஒருங்கு வைத்து நோக்கின் அதன் பொருட்பரப்பு விளங்கும். ‘குத்ரத்’ என்பது ஆற்றல். ‘கதர்’ என்பது வகுக்கப்பட்ட விதி. ‘கத்ர்’ என்பது அளவும் மதிப்பும். ‘மிக்தார்’ என்பது இவ்வளவு என்னும் அளவு. திருக்குர்ஆனின் 97 ஆம் அத்தியாயம் ‘அல்-கத்ர்’ என்னும் பெயருடையது. ‘லைலத்துல் கத்ர்’ எனப் போற்றப்படும் இரவு அதன்கண் கூறப்படுகிறது. அளத்தல், வகுத்தல், ஆற்றல் என்னும் மூன்றும் ஒருவேரில் நிற்றல் கருதத்தக்கது. இன்னது இவ்வளவிற்று என வரையறுக்க வல்லவனே ஆற்றலுடையோன் என்னும் எண்ணம் அவ்வேரினுள் அடங்கிக் கிடக்கிறது.

இறைவனைக் குறிக்க இவ்வேரினின்று ‘காதிர்’, ‘கதீர்’, ‘முக்ததிர்’ என்னும் மூன்று சொற்கள் திருக்குர்ஆனில் வருகின்றன. அவற்றுள் ‘காதிர்’ என்பது வினையடிப் பிறந்த பெயர். செய்ய வல்லோன் என்னும் பொருட்டு. ‘கதீர்’ என்பது அப்பண்பு நீங்காது நிற்றலை உணர்த்துவது. ‘முக்ததிர்’ என்பது அவ்வாற்றல் மேம்பட்டுச் செயற்படுதலைக் காட்டுவது. அப்பாசிய மன்னருள் கி.பி. 908 முதல் 932 வரை ஆண்டவர் ‘அல்-முக்ததிர் பில்லாஹ்’ என்றும், 991 முதல் 1031 வரை ஆண்டவர் ‘அல்-காதிர் பில்லாஹ்’ என்றும் பட்டம் பூண்டனர். ‘பில்லாஹ்’ என்பது ‘இறைவனால்’ எனப் பொருள்படும். அரசனது ஆற்றல் தன்னதன்று, இறைவனால் வந்தது என்று அப்பட்டமே கூறுதல் காண்க.

ஈண்டு ஒரு வேறுபாடு குறித்தல் வேண்டும். ‘அப்துல் காஹிர்’ என்பது பிறிதொரு பெயர். அடக்கியாள்வோனின் அடியான் என்பது அதன் பொருள். அரபு அணியிலக்கணத்தில் பெரும்புகழ் பெற்ற பதினொன்றாம் நூற்றாண்டினரான ஜுர்ஜானீ என்பாரின் பெயர் அப்துல் காஹிர் என்பதேயாம். அப்துல் காதிர் என்பதன்று.

2. பெயரமைப்பின் தொன்மை

‘அப்து’ என்னும் சொல்லோடு தெய்வப்பெயரைச் சேர்த்து மக்கட்குப் பெயரிடல் இசுலாத்திற்கு முற்பட்ட வழக்கம். ‘அப்து ஷம்சு’ என்பது ஞாயிற்றின் அடியான். ‘அப்துல் உஸ்ஸா’ என்பது உஸ்ஸா என்னும் பெண்தெய்வத்தின் அடியான். அரபியரே அன்றி அவர்தம் இனமொழியினரும் இம்முறையைக் கையாண்டனர். எபிரேய மொழியில் ‘ஒபதியா’ என்னும் பெயர்க்கு யாவே என்னும் இறைவனின் ஊழியன் என்பது பொருள். பினீசியக் கல்வெட்டுகளிலும் எசுமுன் என்னும் தெய்வத்தின் அடியான் எனப் பொருள்படும் பெயர் காணப்படுகிறது. நம் நாட்டில் தேவதாசன், சிவனடியான் என வரும் பெயர்களும் பொருளமைப்பால் இவற்றோடு ஒப்பனவே.

இசுலாம் இவ்வமைப்பை அழிக்கவில்லை. அதன் இரண்டாம் உறுப்பை மட்டும் மாற்றியது. ஞாயிறும் உஸ்ஸாவும் நீங்கிய இடத்தில் ஒரே இறைவனின் பண்புப் பெயர்கள் அமர்ந்தன. அப்துல்லா, அப்துர் ரகுமான் என்னும் இரண்டும் இறைவனுக்கு மிக உவப்பான பெயர்கள் என்று நபிமொழி கூறும். அவற்றின் வழியே அப்துல் கரீம், அப்துல் அசீசு, அப்துல் காதிர் முதலியன எழுந்தன.

இதனால் இலக்கண உண்மை ஒன்று பெறப்படும். ‘அப்துல்’ என்பது தன்னளவில் நிறைந்த பெயர் அன்று. ‘அப்து’ என்பதன் ஈற்றுகரத்தோடு சார்படையின் லகரம் சேர்ந்து நிற்கும் பாதித்தொடர் அது. ‘இன்னாரின் அடியான்’ என்பதில் ‘இன்னார்’ என்பதை விட்டு விளித்தாற் போல்வது, ஒருவரை ‘அப்துல்’ என்று மட்டும் விளித்தல். அதுபோலவே, ‘அல்’ என்னும் சார்படை பெற்று நிற்கும் ‘அல்-காதிர்’ என்பது இறைவற்கே உரியது. சார்படையின்றி வருங்கால் வல்லவன் என்னும் பொதுப்பொருளும் தரும். இன்று பதிவேடுகளில் ‘அப்துல்’ என்பதைப் பெயராகவும் ‘காதர்’ என்பதைத் தந்தை பெயராகவும் பிரித்தெழுதும் பிழையைப் பலவிடத்தும் காண்கின்றோம். அடியானையும் ஆண்டவனையும் மகனும் தந்தையும் ஆக்கும் பிழை அது.

3. பகுதாது நகரத்து ஞானியார்

இறைவனின் பண்புப்பெயர்கள் பல. அவற்றோடு ‘அப்து’ சேர்ந்து வரும் பெயர்களும் பல. அவற்றுள் அப்துல் காதிர் என்பது உலகெங்கும் பரவியதற்குச் சொற்பொருள் மட்டும் காரணமாகாது. ஒரு மனிதரின் வாழ்வே பெருங்காரணம். அவர் அப்துல் காதிர் அல்-ஜீலானீ ஆவர்.

காசுபியன் கடலின் தென்கரையிலுள்ள கீலான் நாட்டில் ஹிஜ்ரி 470 இல், அஃதாவது கி.பி. 1077-78 இல், அவர் பிறந்தனர். பாரசீகக் ககரம் அரபில் ஜகரமாகத் திரிதலின் கீலான் என்பது ஜீலான் ஆயிற்று. தம் பதினெட்டாம் வயதில், 1095 இல், பகுதாது நகரம் புகுந்து ஹன்பலி நெறிச் சட்டநூலைப் பயின்றனர். நெடுங்காலம் தனிமையில் தவம் புரிந்த பின்னர், ஐம்பதாம் அகவையளவில், 1127 இல், மக்கட்கு அறவுரை பகரத் தொடங்கினர். ‘அல்-குன்யா’, ‘அல்-பத்ஹுர் ரப்பானீ’, ‘புதூஹுல் கைப்’ என்பன அவர் பெயரால் வழங்கும் நூல்கள். 1166 இல் பகுதாதிலேயே மறைந்தனர். சட்டநூல் வழுவாத துறவு, பொதுமக்கட்கு விளங்கும் சொல் என்னும் இரண்டும் அவர் பெருமைக்கு அடிப்படை எனலாம். அவர்க்குப் பின் அவர் பெயரால் எழுந்த ஞானநெறிக் கூட்டம் ‘காதிரிய்யா’ எனப்பட்டது.

இதன்பின் அப்பெயர் இரு பொருள் உடையதாயிற்று. ஆற்றலுடையோனின் அடியான் என்பது சொற்பொருள். பகுதாதுப் பெரியாரின் பெயரன் என்பது நினைவுப்பொருள். மகவுக்கு அப்பெயரிட்ட பெற்றோர் பலர் உள்ளத்தில் முன்னின்றது பின்னதே என்று கொள்ளத்தகும். இதற்குச் சான்று யாதெனின், அவருடைய இயற்பெயர் மட்டுமன்றிச் சிறப்புப் பெயர்களும் மக்கட் பெயர்களாக வழங்குதலாம். மார்க்கத்திற்கு உயிரூட்டியவர் எனப் பொருள்படும் ‘முஹ்யித்தீன்’ அவருடைய சிறப்புப்பெயர். ஊர் பற்றி வந்தது ‘ஜீலானீ’. உதவிக்கு வருபவர் என்னும் பொருளது ‘கௌஸ்’. கைப்பிடித்து உதவுபவர் என்னும் பொருளுடைய பாரசீகச் சொல் ‘தஸ்தகீர்’. இவை யாவும் தமிழ்நாட்டு முசுலிம்களிடையே மக்கட் பெயர்களாக நிலவுகின்றன. காதர், முகைதீன், ஜெய்லானி, கௌஸ், தஸ்தகீர் என ஐவர் ஒரு தெருவில் இருப்பரேல், அவ்வைவரும் ஒருவரையே நினைவூட்டுகின்றனர். ‘காதர் முகைதீன்’ எனப் பெயர் பூண்டவரோ இயற்பெயரையும் சிறப்புப் பெயரையும் ஒருங்கே தாங்குகின்றனர்.

4. நாடுதோறும் பெயர்

காதிரிய்யா நெறி சென்ற வழியெல்லாம் இப்பெயரும் சென்றது. மேற்கே ஆப்பிரிக்காவில் பூத்தா தோரோ நாட்டில் 1776 இல் தலைமை ஏற்றவர் அப்துல் காதிர் கான் என்பார். பிரெஞ்சுப் படையை 1832 முதல் 1847 வரை எதிர்த்து நின்ற அல்சீரியத் தலைவர் அமீர் அப்துல் காதிர் (1808-1883) காதிரிய்யா மரபினர். அவர் தந்தையாரின் பெயர் முஹ்யித்தீன் என்பது முன்னர்க் கூறியதை வலியுறுத்தும். அவர் 1860 இல் தமசுக்கு நகரில் கலகம் மூண்ட பொழுது ஆயிரக்கணக்கான கிறித்தவர்க்கு அடைக்கலம் தந்து காத்தனர். அவர் புகழ் கடல் கடந்தமையால், அமெரிக்க நாட்டு அயோவா மாநிலத்தில் 1846 இல் அமைக்கப்பட்ட ஊரொன்று ‘எல்காதர்’ என்னும் பெயர் பெற்றது. பகுதாதில் வாழ்ந்த ஞானியின் பெயர் அமெரிக்க ஊர்ப்பெயரானமை பெயர்களின் செலவிற்கு நல்ல எடுத்துக்காட்டு.

கிழக்கே வடஇந்தியாவில் அக்பர் காலத்து வரலாற்றாசிரியர் பதாயூனீயின் பெயரும், பாரசீகக் கவிஞர் பேதில் என்பாரின் பெயரும் அப்துல் காதிர் என்பதே. மலாய் நாட்டில், பதினாறாம் நூற்றாண்டினராகக் கருதப்படும் ஹம்சா பன்சூரீ என்னும் புலவர் காதிரிய்யா நெறியைச் சார்ந்தவர். அந்நாட்டிலும் ‘அப்துல் காதிர்’ பெருவழக்கிற்று. அண்மையிலுள்ள மலையாள நாட்டில், கோழிக்கோட்டுக் காதி முகம்மது என்பார் 1607 இல் இயற்றிய ‘முஹ்யித்தீன் மாலை’ இந்த ஞானியாரையே பாட்டுடைத் தலைவராக உடையது.

நாடுதோறும் பெயரின் ஒலியும் மாறியது. துருக்கியர் ‘அப்துல்காதிர்’ என ஒருசொல் நீர்மைத்தாக எழுதுவர். வட ஆப்பிரிக்காவில் பிரெஞ்சு எழுத்துமுறை வழியே ‘அப்தெல்காதர்’ ஆயிற்று. உசுபெக்கியர் ‘அப்துகோதிர்’ என்பர். ஆகவே, தமிழர் மட்டும் இப்பெயரைத் ‘திரித்தனர்’ என்று கூறுதல் பொருந்தாது. ஒவ்வொரு மொழியும் தன் ஒலியமைப்பிற்கு ஏற்பவே அயற்பெயரை ஏற்றுக்கொண்டது.

5. தமிழில் காதிர்

வடசொல் தமிழில் வழங்குங்கால் தமிழெழுத்திற்கு இயைந்து வருதல் வேண்டும் என்பது தொல்காப்பியனார் கருத்து. அவர் வடசொற்குக் கூறிய அந்நெறியைப் பிற்காலத்தார் அரபுச் சொற்கும் இயல்பாகவே பின்பற்றினர். அரபில் மிடற்றின் அடியிற் பிறக்கும் ஒலியோடு தொடங்கும் ‘அப்து’ தமிழில் வெறும் அகரத்தொடு தொடங்கியது. அடிநாவிற் பிறக்கும் ககரமும், பொதுவான ககரமும், உரசொலியாகிய ககரமும் அரபில் வெவ்வேறு எழுத்துகள். தமிழில் மூன்றும் ஒரே ககரம் ஆயின. ஆதலின், வல்லோனாகிய ‘காதிர்’ என்பதும் ஊழியனாகிய ‘காதிம்’ என்பதும் அரபில் முதலெழுத்தாலும் வேறாயினும், தமிழில் ஈற்றெழுத்து ஒன்றாலேயே வேறுபடுகின்றன. இடையிலுள்ள தகரம் மட்டும் இருமொழியிலும் பல்லிற் பிறப்பதாகலின் சிதையாது நின்றது.

ஈற்று ரகரம் பலவகையாக வழங்கியது. கற்றோர் ‘காதிர்’ என்றனர். பேச்சில் ‘காதர்’ ஆயிற்று. பழைய ஏடுகளிலும் ஆவணங்களிலும் ‘காதிறு’ என உகரம் பெற்று வல்லின றகரத்தோடு எழுதுதலும் உண்டு.

தமிழகத்தில் இப்பெயர் சிறக்க நாகூரும் காரணமாயிற்று. பதினாறாம் நூற்றாண்டில் வாழ்ந்து நாகூரில் அடக்கமான சாகுல் ஹமீது ஆண்டகையின் இயற்பெயர் செய்யிது அப்துல் காதிர் என்பது. எனவே தமிழ் முசுலிம்களுக்கு இப்பெயர் பகுதாதையும் நாகூரையும் ஒருங்கே நினைவூட்டுவதாயிற்று. இலக்கிய உலகிலும் இப்பெயரினர் பலர். ‘குத்பு நாயகம்’ என்னும் காப்பியத்தின் தலைவர் ஜீலானீ. அப்பெயரிய காப்பியம் ஒன்றைப் பாடிய சேகனாப் புலவரின் இயற்பெயரும் செய்கு அப்துல் காதிர் என்பதே. குணங்குடி மசுத்தான் சாகிபு (1792-1838) அவர்களின் இயற்பெயர் சுல்தான் அப்துல் காதிர். அவர் ஜீலானீ மீது ‘முகியித்தீன் சதகம்’ பாடியுள்ளார். தம் பெயருக்குரியவரையே பாட்டுடைத் தலைவராகக் கொண்டமை அவ்விருவர்க்கும் பொது.

6. சீதக்காதி

இனி, நாம் தொடங்கிய பெயருக்கு வருவோம். கீழக்கரையில் வாழ்ந்த வணிகரும் வள்ளலுமாகிய செய்கு அப்துல் காதிர் மரக்காயர், 1710 இல் மறைந்த கிழவன் சேதுபதியின் காலத்தவர். படிக்காசுப் புலவரை அவர் ஆதரித்தனர். உமறுப் புலவர் ‘சீறாப்புராணம்’ பாடத் துணைநின்றவர் என்பதும் மரபு. ஆயினும் அந்நூலினுள் புரவலராகப் போற்றப்படுபவர் அபுல் காசிம் மரக்காயர் ஆவர். வள்ளல் மறைந்த செய்தி அறியாது வந்த புலவர்க்கு அவருடைய அடக்கத்தலத்திலிருந்து கணையாழி கிடைத்தது என்னும் கதை நாடறிந்தது. இறந்த பின்னும் ஈந்தவர் என்னும் பழமொழி அதன் வழியே எழுந்தது.

அவரைப் பற்றிய நொண்டி நாடகமும் உமறுப் புலவரின் திருமண வாழ்த்தும் ‘செய்தக்காதி’ என்னும் வடிவத்தைத் தம் பெயர்களிலேயே காத்துத் தந்துள்ளன. இவ்வடிவமே நமக்குத் திறவுகோல். செய்கு, அப்துல், காதிர் என்னும் மூன்றும் விரைந்த பேச்சில் ‘செய்கப்துல்காதிர்’ என ஒன்றாயின. இடையிலுள்ள ‘கப்’ என்னும் அசை நழுவியது. அப்துல் என்பதன் தகரம் நின்றது. லகரம் பின்வந்த ககரத்தோடு ஒன்றி அதனை இரட்டித்தது; ‘க்கா’ என்னும் இரட்டிப்பு மறைந்த சார்படையின் எச்சமே. ஈற்று ரகரம் தமிழில் உயர்வுப்பன்மை விகுதிபோல் தோன்றுதலின் நீக்கப்பட்டது போலும். இவ்வாறு ‘செய்தக்காதி’ பிறந்தது. ‘செய்தி’ என்பது ‘சேதி’ ஆதல் போல, ‘செய்’ என்பது ‘சே’ ஆகிப் பின் ‘சீ’ ஆயிற்று. ‘சீதம்’ என்னும் பழகிய சொல்லின் சாயல் அத்திரிபிற்குத் துணை செய்திருத்தல் கூடும்.

முதலிலுள்ள ‘செய்த’ என்பது ‘செய்யிது’ என்பதன் திரிபு எனக் கூறின் என்னை எனின், அவர் செய்கு என்னும் அடைமொழியோடே அறியப்படுதலின் அக்கருத்து வலியுடைத்தன்று. ‘காதி’ என்பது நடுவரைக் குறிக்கும் சொல் என்பதும் பொருந்தாது. நடுவர் எனப் பொருள்படும் அரபுச் சொல்லின் வேர் வேறு. அதன் இடையெழுத்தும் வேறு. இலங்கையில் முசுலிம் மணவழக்குகளை விசாரிக்கும் ‘காதி நீதிமன்றம்’ என்னும் தொடரில் உள்ளது அச்சொல்லே. அரபில் வேறாகிய இரண்டு சொற்கள் தமிழ் எழுத்தில் ஒன்றாயினமையால் வந்த மயக்கமே எம் மாணவர் கூறிய விளக்கம்.

7. பதிப்பிற்கு ஒரு குறிப்பு

இவ்வாராய்ச்சி பெயர் விளக்கத்தோடு முடிவதன்று. இசுலாமியத் தமிழ் நூல்களைப் பதிப்பிப்போர்க்கும் அட்டவணை தொகுப்போர்க்கும் இதனால் ஒரு கடமை பிறக்கிறது. ஏட்டிலுள்ள ‘செய்தக்காதி’, ‘காதிறு’ போன்ற வடிவங்களைப் பிழையெனக் கருதி ‘அப்துல் காதிர்’ எனத் திருத்தினால், முதற்கண் யாப்புக் கெடும். எதுகையும் மோனையும் அவ்வடிவத்தையே பற்றி நிற்பன. அடுத்து, ஒலித்திரிபின் வரலாற்றுக்குரிய ஒரே சான்றும் மறையும். ‘செய்தக்காதி’ என்னும் இடைவடிவத்தை ஏடுகள் காத்திராவிடின், சீதக்காதியையும் அப்துல் காதிரையும் இணைக்கும் கண்ணி நமக்குக் கிட்டியிராது. மறுபுறம், வடிவத்தை மட்டும் காத்து விளக்கம் தாராது விடின், பெயரடைவில் ஒருவரே மூவராகப் பிரிந்து நிற்பர்.

ஆதலின், நூலினுள் ஏட்டின் வடிவத்தையே காத்தலும், பெயரடைவில் முழு அரபுப் பெயரைத் தந்து ஏனைய வடிவங்களிலிருந்து அதற்கு வழிகாட்டுதலும் தக்கன. ‘அப்துல்’ என்பதைத் தனிப்பெயராக்கி அதன்கீழ் நூறு பெயர்களைக் குவித்தல் எவ்வாற்றானும் தகாது.

முடிவுரை

அப்துல் காதிர் என்னும் பெயர் முதற்கண் இறைவனின் ஆற்றலைக் கூறிற்று. பின்னர்ப் பகுதாது ஞானியாரின் தவத்தை நினைவூட்டிற்று. தமிழகத்திலோ, சீதக்காதி என உருமாறிய அளவில், கொடைக்கே ஒரு பெயராயிற்று. முதலிரண்டும் இப்பெயர் வழங்கும் நாடுகட்கெல்லாம் பொது. மூன்றாவது தமிழ் அளித்தது. ஒலி தேய்ந்து, வேர் மறைந்து, பொருள் மறந்த நிலையிலும், வள்ளன்மையைக் குறிக்கும் சொல்லாகத் தமிழர் நாவில் அது நின்றது. அதனைச் சிதைவு என்று கூற எமக்கு மனம் இசையவில்லை. ஒரு மொழி அயற்பெயரைத் தன் மக்களுள் ஒருவர்க்கு உரிமையாக்கிக் கொண்ட செயல் என்றே கொள்கின்றோம். இவ்விளக்கத்தைக் கேட்ட பின்னர், எம் வகுப்பிலிருந்த அப்துல் காதர், மறுநாள் தம் குறிப்பேட்டின் முதற்பக்கத்தில் தம் பெயர்க்கு நேரே சீதக்காதி என எழுதி வைத்திருந்தனர்.